எல்லோருக்கும் கேட்கும் வானம்

டார்வினிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். சென்னையிலிருந்து போபால் போகிற தூரம். அவ்வளவு தூரத்தில் ஊர் என்று சொல்லத்தக்கவை காத்தரினும் டெனன்ட் கிரீக்கும்தான். மற்றவை ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மதுக்கூடம், நான்கைந்து தங்கும் அறைகள் என்று முடிந்துவிடும். ஊர் எல்லையைத் தாண்டிய சற்று நேரத்தில் கைபேசியில் சிக்னல் போகும். போனால் அடுத்த நிறுத்தம் வரை வராது.

இந்தச் சாலையில் நான் போனது 2025 ஆகஸ்டில், மழையே இல்லாத பருவத்தில். வண்டியும் அதை ஓட்டியவரும் டார்வினைச் சேர்ந்தவர்கள். ஓட்டியவர் பிறந்தது திருகோணமலை. டார்வினில் மருத்துவமனைத் தாதி. என்னை ‘அண்ணை’ என்பார், நான் அவரைத் ‘தம்பி’ என்பேன். விடுமுறை கிடைத்தால் விமானம் பார்க்கக் கிளம்பிவிடுகிறவர். அவருடைய பழைய ஹையேஸ் வேனின் கூரையில் சூரியத் தகடு ஒன்று. அதன் பக்கத்தில் 30 சென்டிமீட்டருக்கு 26 சென்டிமீட்டரில் வெள்ளையாக ஒரு தட்டு. ஸ்டார்லிங்க் மினி, செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் தட்டு. எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். இருபத்தைந்து முதல் நாற்பது வாட் வரை மின்சாரம் குடிக்கும். வேனின் இரண்டாவது பேட்டரி அதற்காகவே இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் டார்வின் விமான நிலையத்தின் கிழக்கு ஓரம் போனோம். அங்கே ஓடுபாதையின் முனையைக் குறுக்கே கடந்து போகும் சாலைக்கு ஆமி ஜான்சன் பெயர். 1930 மே 24 அன்று இங்கிலாந்திலிருந்து தனியாக ஓட்டி வந்து டார்வினில் இறங்கிய பெண். அவருடைய ‘ஜேசன்’ என்ற சிறு விமானம் வழியில் கராச்சி, ஜான்சி, அலகாபாத், கல்கத்தா என்று நம் நிலத்தையும் தொட்டுத்தான் வந்தது. வறண்ட பருவத்தில் காற்று தென்கிழக்கிலிருந்து வீசுவதால் விமானங்கள் இந்தப் பக்கம் நோக்கியே எழும்பும். சாலையோரத்தில் மடக்கு நாற்காலி, நீண்ட லென்ஸ், குளிர்பெட்டி சகிதம் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். பயணிகள் விமானமும் போர் விமானமும் ஒரே ஓடுபாதையில் இறங்கி ஏறும் நிலையம் அது. அவர்களுக்கு அது போதும்.

‘பிட்ச் பிளாக்’ பயிற்சி நடக்கும் ஆண்டுகளில் இந்த ஓரத்தில் இடம் கிடைக்காதாம். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆஸ்திரேலிய விமானப்படை நடத்துவது. 2024இல் இருபது நாடுகள், சுமார் 140 விமானங்கள். மிண்டில் கடற்கரையில் மாலைச் சந்தைக்கு வந்த கூட்டத்தின் தலைக்கு மேலேயே ஒரு நாள் பறந்து காட்டினார்கள். இந்தியாவின் சுகோய்-30 விமானங்களும் வந்திருந்தன. தஞ்சாவூர்க்காரனான எனக்கு அதில் ஒரு சொந்தம் உண்டு. 2020 ஜனவரியிலிருந்து எங்கள் ஊர் விமானப்படைத் தளத்தில் சுகோய்ப் படைப்பிரிவு ஒன்று இருக்கிறது. அங்கே அந்தச் சத்தம் வந்தால் யாரும் வெளியே ஓடி வந்து பார்ப்பதில்லை. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவார்கள். இங்கே அதே சத்தத்துக்காக மனிதர்கள் விடுப்பு எடுக்கிறார்கள்.

தம்பியின் கையில் ஒரு டேப்லெட். அதோடு கட்டைவிரல் அளவில் ஒரு ரிசீவரும் குட்டி ஆன்டெனாவும். இதன் கதையைச் சொல்ல வேண்டும். இன்றைய பயணிகள் விமானம் ஒவ்வொன்றும் தான் யார், எங்கே, எந்த உயரத்தில், எந்த வேகத்தில் என்பதை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தானாகவே அறிவித்துக்கொண்டே போகிறது. ஏடிஎஸ்-பி என்பார்கள். பூட்டு, சாவி, சந்தா எதுவும் இல்லை. கேட்கும் கருவி யாரிடம் இருந்தாலும் கேட்கலாம். சமதரையில் நின்றால், பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் போகும் விமானம் நானூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்தே பிடிபடும். இதை முதலில் நாடு தழுவ ஏற்றுக்கொண்ட நாடுகளில் ஆஸ்திரேலியா முன்னணியில் நிற்பதற்குக் காரணம் இந்தச் சாலையைப் பார்த்தாலே புரியும்: நாட்டின் நடுவில் ராடார் நட்டுப் பராமரிக்க ஆளும் இல்லை, ஊரும் இல்லை. 2013 டிசம்பர் முதல் 29,000 அடிக்கு மேல் பறக்கும் எல்லா விமானங்களுக்கும் இது கட்டாயம்.

ஆனால் விமானம் சொல்லாத ஒன்றும் உண்டு. எங்கிருந்து எங்கே போகிறது என்பது அந்த அறிவிப்பில் இராது. அதற்கு இணையத்தில் தேட வேண்டும். பாதி விஷயம் ரிசீவரில், பாதி தட்டில். தம்பியின் வேனில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் வழிநெடுகப் பார்த்துக்கொண்டு போனேன்.

டார்வின் நகரத்தில் இன்னோரிடம். இன்று நாடாளுமன்றக் கட்டடம் நிற்கும் மனையில் 1942 வரை அஞ்சல் தந்தி நிலையம் இருந்தது. 1871இல் ஜாவாவிலிருந்து கடலடி வடம் இந்த ஊரில்தான் கரையேறியது. அந்த வடத்தின் மறுமுனை சிங்கப்பூர், பினாங்கு வழியாக மதராஸ். ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டனுக்குப் போன தந்திகள் நம் கடற்கரையில் ஏறி, இந்தியாவைத் தரைவழியே கடந்து போயின. 1942 பிப்ரவரி 19 அன்று ஜப்பானிய விமானங்கள் 188 முதல் அலையாக வந்து துறைமுகத்தையும் ஊரையும் தாக்கியபோது இந்த நிலையத்தின் மேலும் குண்டு விழுந்தது. பதுங்குகுழியில் இருந்த அஞ்சல் அதிபரும் மனைவியும் மகளும் தந்தி ஊழியர்களும் இறந்தார்கள்.

“அதே கப்பல்கள்தான் அண்ணை, பிறகு எங்கட ஊருக்கும் வந்தது” என்றார் தம்பி. உண்மை. ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பற்படை ஏப்ரல் 5 அன்று கொழும்பையும் 9 அன்று திருகோணமலையையும் தாக்கியது. ஜப்பான்காரன் வருகிறான் என்று மதராஸ் பாதி காலியானதும் அதே ஏப்ரலில்தான். தம்பியின் அம்மம்மா அப்போது சிறுமி. சைரன் சத்தத்தைப் பற்றிக் கடைசிவரை பேசுவாராம், விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாராம். பேரன் விமானப் பித்தன் ஆனது எப்படி என்று கேட்டேன். “தெரியாது அண்ணை. சின்ன வயசிலே சத்தம் கேட்டா ஓடிப்போய் ஒளிச்ச ஆக்கள்தான் நாங்களும். இப்ப வெளியிலே நிண்டு பார்க்கலாம் எண்டதே பெரிய விஷயம்.” மேலே கேட்கவில்லை.

தெற்கே கிளம்பி முக்கால் மணி நேரத்துக்குள் சாலையை ஒட்டியே ஸ்ட்ராஸ் ஓடுதளம் வருகிறது. இன்னும் சிறிது போனால் லிவிங்ஸ்டன். 1942இல் புதரை வெட்டி அவசரமாகப் போட்ட பாதைகள். ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் இங்கிருந்துதான் கிளம்பின. இந்தப் பாதைகளுக்கு இறந்த அமெரிக்க விமானிகளின் பெயர்களை இட்டார்கள். நெடுஞ்சாலையே அந்தப் போரில்தான் முழுமையான தார்ச்சாலை ஆனது. நின்று ஒரு தேநீர் குடித்தோம். பறப்பது ஒன்றும் இல்லை. வெயிலும் ஈக்களும் மட்டுமே.

தட்டின் குணம் அங்கேதான் தெரிந்தது. அதற்கு வானம் திறந்திருக்க வேண்டும். ஒரு யூக்கலிப்டஸ் கிளை குறுக்கே வந்தாலும் சில விநாடிகளுக்கு ஒருமுறை அறுந்து அறுந்து வரும். “நிழலுக்கை விட்டா நெட் இல்லை, வெயிலுக்கை விட்டா நாங்கள் இல்லை” என்றார் தம்பி. இந்தச் சாலையில் கேரவன் நிறுத்துமிடங்களைப் பார்த்தால் முன்பெல்லாம் மரத்தடிக்குத்தான் போட்டி இருந்திருக்கும். இப்போது பாதி வண்டிகள் நடுவெயிலில் நிற்கின்றன.

ஏன் இப்படி என்றால், தட்டு ஒரே ஒரு செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பழைய செயற்கைக்கோள் இணையத்தில் கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு சேர்ந்து, வானத்தில் ஒரே புள்ளியில் நிற்கும். தட்டை ஒருமுறை அந்தப் புள்ளிக்குத் திருப்பிவிட்டால் போதும். ஆனால் போய்த் திரும்பும் தூரத்தால் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வர அரை விநாடிக்கு மேல் ஆகும். பேச்சில் இருவரும் மோதிக்கொள்வார்கள். ஸ்டார்லிங்க் கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரில் மணிக்கு 27,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. ஒன்று சில நிமிடங்களில் அடிவானத்தில் இறங்கிவிடும். அதற்குள் அடுத்தது பொறுப்பேற்க வேண்டும். இந்தப் பங்கீடு பதினைந்து விநாடிக்கு ஒருமுறை மாற்றி எழுதப்படுகிறது. தட்டு அசைவதே இல்லை. உள்ளே வரிசையாக இருக்கும் நூற்றுக்கணக்கான சிறு ஆன்டெனாக்கள் தங்கள் அலைகளைக் கொஞ்சம் முன்பின்னாக அனுப்பி, கற்றையை வேண்டிய பக்கம் வளைக்கின்றன. மணிக்கு 130 கிலோமீட்டர் அனுமதிக்கப்பட்ட சாலையில் வேன் போய்க்கொண்டிருக்கும்போதே இது நடக்கிறது. பின்னிருக்கையில் இருந்து தஞ்சாவூரில் அக்காவிடம் வீடியோவில் பேசினேன். “என்னடா, இப்படிச் செக்கச்செவேல்னு இருக்கு, செங்கல் சூளையா?” என்றாள்.

காத்தரினைத் தாண்டியதும் டிண்டல் விமானப்படைத் தளம். நெடுஞ்சாலை அதன் வேலியை ஒட்டியே போகிறது. எஃப்-35 விமானங்களின் வடக்குத் தளம் இது. டேப்லெட்டில் அந்த இடம் வெறுமை. போர் விமானம் தன் இருப்பை ஊருக்கு அறிவித்துக்கொண்டு போகாது. இங்கே காதை நம்பித்தான் பார்க்க வேண்டும். அதிலும் சத்தம் வந்த திசையில் பார்த்தால் விமானம் அங்கே இராது, வெகுதூரம் முன்னால் தேட வேண்டும். தம்பி சத்தம் கேட்டதுமே தலையைச் சரியாக அந்த இடத்துக்குத் திருப்புவார். நான் பார்த்ததெல்லாம் புகைக்கோடு.

சாலையில் எதிரே வருபவை ரோட் டிரெயின்கள். ஒரு லாரி இழுக்கும் மூன்று நான்கு பெட்டிகள், ஐம்பத்து மூன்றரை மீட்டர் நீளம் வரை அனுமதி. முந்துவதென்றால் எதிரே ஒரு கிலோமீட்டருக்கு மேல் காலியாக இருக்க வேண்டும். பல லாரிகளின் கூரையிலும் வெள்ளைத் தட்டு இருக்கிறது. ஓட்டுநர் இரவில் மனைவியோடு பேசலாம், படம் பார்க்கலாம். ஆனால் முன்னே போகும் லாரியிடம் ‘முந்தலாமா?’ என்று கேட்கத் தட்டு உதவாது. அதற்கு யுஎச்எஃப் ரேடியோ, நாற்பதாவது சேனல். லாரிக்காரர்கள் எல்லோரும் அதில்தான். தம்பி கேட்பார், முன்னால் இருப்பவர் ‘பொறு, ஒரு வளைவு இருக்கு’ என்பார், பிறகு ‘இப்ப வா’ என்பார். பதினைந்து கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் உள்ள அத்தனை பேருக்கும் அது கேட்கும். எங்கே மாடு நிற்கிறது, எங்கே போலீஸ் நிற்கிறது, யார் மோசமாக ஓட்டுகிறார் எல்லாமே. கெட்ட வார்த்தைகளும் தாராளம்.

டேலி வாட்டர்ஸில் மதுக்கூடத்துக்குக் கூட்டம் அலைமோதியது. பக்கத்திலேயே இருக்கும் பழைய விமானக் கொட்டகைக்கு யாரும் போகவில்லை. 1930களில் பிரிஸ்பேனிலிருந்து சிங்கப்பூர் போன குவாண்டாஸ் விமானங்கள் எரிபொருளுக்கு இறங்கிய இடம். அங்கே ஏறியவருக்கு ரங்கூன், கல்கத்தா, கராச்சி என்று லண்டன் வரை தொடர்ப் பயணம் உண்டு. இப்போது தகரச் சுவர்களில் பழைய படங்கள். மேலே சிங்கப்பூரிலிருந்து சிட்னி போகும் விமானம் ஒன்றை ரிசீவர் பிடித்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், நிற்கும் எண்ணமே இல்லாமல்.

இன்னும் தெற்கே, டன்மாரா பக்கம், ஃப்ரூ பாண்ட்ஸ். 1872 ஆகஸ்ட் 22 அன்று வடக்கிலிருந்து வந்த தந்திக் கம்பியையும் தெற்கிலிருந்து வந்ததையும் அங்கே முடிச்சுப் போட்டார்கள். சார்லஸ் டாட் என்ற அதிகாரியின் திட்டம். 3,200 கிலோமீட்டர், சுமார் 36,000 கம்பங்கள். வடக்குப் பகுதியில் மரக்கம்பங்களைக் கறையான் தின்றதால் இரும்புக் கம்பங்கள் வந்தன. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் உள்ள ஆலிஸ் டாட்டின் மனைவி பெயர். ஊரின் வறண்ட ஆற்றுக்கு டாட்டின் பெயர். அரண்டா மக்களுக்கு அந்த இடம் ஏற்கெனவே ம்பார்ன்ட்வே. வருமுங்கு, கைடீச், அரண்டா மக்களின் நிலங்களில், அவர்களுடைய நீர்ச்சுனைகளைப் பிடித்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் போடப்பட்ட கம்பி அது. பாரோ கிரீக் தந்தி நிலையத்தில் 1874இல் தாக்குதலில் இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். பழிவாங்கலில் கொல்லப்பட்ட கைடீச் மக்கள் அதைவிட மிக அதிகம். நிலையத்தில் ஊழியர்களின் கல்லறை வேலி கட்டிப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

டெனன்ட் கிரீக்குக்கு வடக்கே த்ரீ வேஸ் சந்திப்பில் ஜான் ஃபிளின்னுக்கு ஒரு கல்தூண். இந்தப் பயணத்தில் நான் அதிக நேரம் நின்றது அதன்முன். பிரெஸ்பிட்டேரியன் பாதிரியார். உள்நாட்டில் நோயாளியிடம் மருத்துவர் போய்ச் சேருவதற்குள் ஆள் இறந்துவிடுகிறார் என்பது அவருடைய கவலை. 1928 மே 17 அன்று குவீன்ஸ்லாந்தின் குளோன்கரியிலிருந்து குவாண்டாஸிடம் வாடகைக்கு எடுத்த விமானத்தில் முதல் மருத்துவர் பறந்தார். ஆனால் விமானத்தைக் கூப்பிடுவது எப்படி? பண்ணைகளில் தந்தியும் இல்லை, மின்சாரமும் இல்லை. அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் டிரேகர் என்ற பொறியாளர் சைக்கிள் பெடலை மிதித்து மின்சாரம் எடுக்கும் ரேடியோவைச் செய்தார். 1929இல் முதல் பெட்டி ஒரு பண்ணைக்குப் போனது. மோர்ஸ் தெரியாதவர்களுக்காகப் பின்னர் தட்டச்சுப் பலகையும் வைத்துக் கொடுத்தார்.

மருத்துவத்துக்காக வந்த அந்த ரேடியோவில் நாளடைவில் ஒரு பொழுது அரட்டைக்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்தப் பொழுதைக் கலா என்ற, ஓயாமல் கத்தும் கிளியின் பெயரால் அழைத்தார்கள். நூறு மைல் தள்ளியிருக்கும் பெண்கள் சமையல் குறிப்பு, பிள்ளைப்பேறு, மழை, மாட்டு விலை எல்லாம் பேசினார்கள். ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். நோயாளி மருத்துவரிடம் சொல்வதும் கேட்கும்! ரகசியம் என்பதே கிடையாது. அது ஊர்ப் பொதுக்கிணறு, தட்டு வீட்டுக்குழாய். குழாய் வந்த வீட்டுப் பெண்ணிடம் போய்க் கிணற்றடியின் பெருமையைப் பேசினால் அவள் குடத்தை நம் தலையில் வைப்பாள், நியாயம்தான். இன்று பண்ணைப் பெண் தன் உடம்பைப் பற்றி மருத்துவரிடம் தனியாக, முகம் பார்த்துப் பேசலாம். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் அடுத்த பண்ணையில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது இப்போது எப்படித் தெரியும் என்று வழியில் ஒரு ரோட்ஹவுஸ் முதலாளியம்மாவிடம் கேட்டேன். “ஃபேஸ்புக்” என்று ஒரே சொல்லில் முடித்தார்.

கார்லு கார்லுவின் உருண்டைப் பாறைகளுக்கு நடுவே ஓர் இரவு. பாறைகளின் நிலம் 2008இல் உரியவர்களிடம் திரும்பித் தரப்பட்டது. இருட்டியதும் வரிசையாக ஒளிப்புள்ளிகள் வடமேற்கிலிருந்து ஏறி வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, சம இடைவெளியில். சில நாள் முன்பு ஏவப்பட்ட கோள்கள், தங்கள் உயரத்துக்கு ஏறுவதற்குள் இப்படிக் கூட்டமாகத் தெரியும். 2019 மேயில் முதல் அறுபது போனபோது பறக்கும் தட்டு என்று நினைத்தவர்கள் உண்டு. இந்தச் சாலையில் சற்றுத் தெற்கே வைக்ளிஃப் வெல் என்று ஒரு நிறுத்தம். பல்லாண்டுகள் தன்னைப் பறக்கும் தட்டுகளின் தலைநகர் என்று விளம்பரம் செய்து பிழைத்தது. பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகள் இருவர் ஒளிவரிசையைப் பார்த்து அண்ணாந்து கூவினார்கள். அவர்களுடைய அப்பா டேப்லெட்டில் கார்ட்டூன் வந்துவிட்டது என்று உள்ளே கூப்பிட்டார். கார்ட்டூன் வந்ததும் அதே வகைக் கோள்கள் வழியாகத்தான். ஒவ்வொன்றுக்கும் ஆயுள் சுமார் ஐந்தாண்டு; பிறகு காற்றுமண்டலத்தில் எரிந்து போகும், புதிது அனுப்ப வேண்டும். கறையான் மட்டும்தான் இல்லை.

செயற்கைக்கோள் இந்த நிலத்துக்குப் புதிதும் அல்ல. 1985இல் ஆஸ்திரேலியாவின் முதல் ஆஸ்சாட் கோள் போனபோது, நகரத்துத் தொலைக்காட்சி உள்நாட்டு மொழிகளை அடித்துக்கொண்டு போய்விடும் என்று பழங்குடி மக்கள் அஞ்சினார்கள். யுவெண்டுமு என்ற ஊரில் வார்ல்பிரி மக்கள் காத்திருக்கவில்லை. அதே ஆண்டில், உரிமம் கிடைப்பதற்கு முன்பே, தங்கள் மொழியில் தாங்களே தயாரித்ததை ஒளிபரப்பத் தொடங்கினார்கள். 1988இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து பழங்குடியினரே சொந்தமாக நடத்தும் இம்பார்ஜா தொலைக்காட்சி ஆஸ்சாட்டிலேயே ஏறியது. சாலை நெடுகக் கேட்ட செயற்கைக்கோள் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆலிஸில் வானொலிப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தோம். 1951இல் பறக்கும் மருத்துவர்களின் ரேடியோவில் தொடங்கியது. பதின்மூன்று லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் பிள்ளைகள். 2000களில் ரேடியோவை விட்டுச் செயற்கைக்கோள் வீடியோவுக்கு மாறினார்கள். 2015, 2016இல் அரசின் என்பிஎன் நிறுவனம் அனுப்பிய இரண்டு ‘ஸ்கை மஸ்டர்’ கோள்கள் அந்தப் பழைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில்தான் நிற்கின்றன. நாங்கள் போன ஆகஸ்டில்தான் அவற்றுக்குப் பதிலாக அமேசானின் தாழ்ந்த கோள்களுக்கு மாறப் போவதாக அறிவித்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆசிரியை ஒருவர் கேமராவைப் பார்த்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். திரையில் ஒரு பையன்; அவன் மடியில் ஒரு கோழி.

கடைசியாக, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் விமான நிலையம். காற்றில் ஈரமே இல்லாததால் துருவும் ஏறாது. வேலையில்லாத விமானங்களை நிறுத்தி வைக்க இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. கொரோனா காலத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ380 ராட்சத விமானங்கள் வரிசையாக இங்கே வந்து நின்றன. நிறுத்தப்பட்ட விமானங்கள் ஒரு கட்டத்தில் நூறைத் தாண்டின. இப்போது பெரும்பாலானவை திரும்பிப் பறக்கின்றன. மிச்சம் இருப்பவற்றின் எஞ்சின் வாய்களை மூடி, சன்னல்களில் வெள்ளித்தாள் ஒட்டியிருந்தார்கள்.

வேலியோரம் அடிலெய்டிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி. அவர்களுடைய கேரவன் கூரையிலும் தட்டு இருந்தது. ஆனால் நின்றுவிட்ட விமானம் 1090இல் எதுவும் சொல்லாது. டேப்லெட்டில் அந்த இடம் முழுக்க வெறும் மண். அவர் பைனாகுலரை வைத்து வால்பக்கத்து எழுத்துகளை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார், மனைவி நோட்டில் எழுதினார். சில எழுத்துகளைப் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள். தம்பி தன் லென்ஸை நீட்டி, “கடைசி எழுத்து கே” என்று கத்தினார். “இல்லை, எக்ஸ்” என்றார் அந்த அம்மா. பந்தயம் வைத்தார்கள். யார் சொன்னது சரி என்று இணையத்தில் தேடிப் பார்க்கத் தட்டு போதும்தான், ஆனால் இருவருமே அதைத் தொடவில்லை. வேலி ஓரமாகவே நடந்து வெளிச்சம் விழும் பக்கத்துக்குப் போனார்கள். கே-தான். அந்த அம்மா குளிர்பெட்டியைத் திறந்து தம்பிக்கு ஒரு இஞ்சி பியர் எடுத்துக் கொடுத்தார்.